மோரும் மெல்லிய கோதுமையும்: ஸ்கோன் என்னும் இனிப்பு ரொட்டி

வெண்ணெய் கடைந்தெடுத்த பின் மிஞ்சும் மோரை என் செய்வது என்பது, கறவை மாடுகள் வைத்திருக்கும் எந்நாட்டுக் குடியானவனுக்கும் நேரும் கேள்வியாகும். வெண்ணெய்க்குச் சந்தையில் விலையுண்டு. மோருக்கு அவ்வளவு இல்லை. நம்மவர் அதனைப் பருகுவர், குழம்பு வைப்பர், எஞ்சியதை அயலாருக்குக் கொடுப்பர். ஸ்காட்லாந்து, அயர்லாந்து முதலிய தேசங்களின் குடியானவர்கள் ஒரு பகுதியைத் தாம் பருகி, ஒரு பகுதியைப் பன்றிகளுக்கு வார்த்து, மற்றொரு பகுதியைக் கொண்டு ரொட்டி சுட்டு வந்தனர். அவ்வகை ரொட்டிகளுள் ஒன்றே ஸ்கோன் எனப்படுவது. இக்காலத்தில் அது பெரிய ஹோட்டல்களில் தேநீருடன் வைக்கப்படும் நாகரிகப் பக்ஷணமாகக் கருதப்படினும், அதன் பிறப்பிடம் பண்ணை வீட்டு அடுப்பங்கரையேயாம். விலைபோகாத மோரும், ரொட்டிக் கடைக்காரர் வேண்டாமென்று தள்ளிய கோதுமையும் அதில் ஒன்றுசேர்ந்து நல்ல பயனளித்தன. ஆதலின் அதனைப்பற்றி விவசாயிகளுக்கு எழுதுவது பொருத்தமற்றதாகாது.

ஸ்கோன் என்ற சொல் 1513-ம் வருஷத்தில் ஸ்காட்லாந்துக் கவியாகிய கேவின் டக்ளஸ் என்பவர் முடித்த மொழிபெயர்ப்பொன்றில் காணப்படுகிறது. அக்காலத்து ஸ்கோன் இப்போதுள்ளதைப் போன்றதன்று. ஓட்ஸ் அல்லது பார்லி மாவைப் பிசைந்து, பெரிய வட்டமாகத் தட்டி, கெர்டில் என்னும் தட்டையான இரும்புக் கல்லில் சுட்டு, நான்காகப் பிளந்து உண்டனர். கெர்டில் என்பது நமது தோசைக் கல்லே. நெருப்பின்மேல் தொங்கவிடுவதற்காக வளைந்த கைப்பிடியொன்று மட்டும் அதற்கு உண்டு. அந்த ரொட்டி உப்புவதில்லை. கனமாகவும் தடிப்பாகவும் இருந்தது. ஈஸ்ட் என்னும் நுரைமம் கிடைக்கும் ஊர்களிலன்றி மற்ற இடங்களில் மாவை உப்பச் செய்ய எளிய வழி ஏதும் இல்லை. பெயரின் உச்சரிப்பைப்பற்றி ஆங்கிலேயருக்குள்ளேயே ‘ஸ்கான்’ என்பதா ‘ஸ்கோன்’ என்பதா என்ற விவாதம் இன்றளவும் தீர்ந்தபாடில்லை. நாம் அதில் தலையிட வேண்டுவதில்லை.

கோதுமையின் வலிமையும் மென்மையும்

இனி விவசாயிக்கு உரிய விஷயத்திற்கு வருவோம். கோதுமை மாவில் நீரூற்றிப் பிசையும்போது, அதிலுள்ள புரதப் பொருள்கள் ஒன்றுசேர்ந்து குளூட்டன் என்னும் பசையாகின்றன. இப்பசை மிகுந்த கோதுமையை வன்கோதுமை என்றும், குறைந்ததை மென்கோதுமை என்றும் சொல்வர். வன்கோதுமை மாவில் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு வரை புரதம் இருக்கும். மென்கோதுமை மாவில் 8 முதல் 10 பங்கு வரையே இருக்கும். ஈஸ்ட் இட்டுப் பல மணி நேரம் புளிக்க வைக்கும் ரொட்டிக்கு வலிய பசை வேண்டும். இல்லாவிடில் உண்டாகும் வாயுவைத் தாங்கி நிற்க மாட்டாமல் ரொட்டி அமிழ்ந்துவிடும்.

மழையும் குளிர்ச்சியும் நிறைந்த பிரிட்டன், அயர்லாந்து தேசங்களில் விளையும் கோதுமை பெரும்பாலும் மென்மையானது. ஏக்கருக்கு விளைச்சல் அதிகமாயினும் பசை குறைவு. 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் உருக்கு உருளைகளால் அரைக்கும் ஆலைகள் வந்தபின், கனடா முதலிய தேசங்களின் வன்கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கிற்று. ஆலைக்காரர் அதனையே விரும்பி வாங்கியதால், உள்ளூர்க் கோதுமை விலையில் தாழ்ந்தது. இக்குறையை நீக்கும்பொருட்டுக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோலண்ட் பிஃபென் என்னும் பேராசிரியர் ஒட்டுச் சேர்க்கை செய்து, 1910-ல் ‘லிட்டில் ஜாஸ்’ என்ற வகையையும், 1916-ல் ‘யோமன்’ என்ற வகையையும் வெளியிட்டார். முன்னது துருநோயைத் தாங்குவது. பின்னது விளைச்சலுடன் பசை வலிமையும் உடையது.

கனடாவில் இதே காலத்தில் நிகழ்ந்த ஒரு விஷயம் நம் நாட்டோடு சம்பந்தமுடையது. அங்குக் கோடைகாலம் குறுகியது. பயிர் முற்றுமுன் உறைபனி விழுந்து நாசமாவதுண்டு. ஆகவே, சீக்கிரம் முற்றும் தன்மையுள்ள ‘ஹார்ட் ரெட் கல்கத்தா’ என்னும் இந்தியக் கோதுமையையும், ‘ரெட் ஃபைஃப்’ என்னும் வகையையும் 1892-ல் அரசாங்கப் பரிசோதனைப் பண்ணையில் ஒட்டுச் சேர்த்தனர். அச்சந்ததியினின்று சார்லஸ் ஸாண்டர்ஸ் என்பவர் பொறுக்கியெடுத்த ‘மார்க்விஸ்’ கோதுமை 1909 முதல் குடியானவர்களுக்கு வழங்கப்பட்டு, சில வருஷங்களில் மேற்குக் கனடாவின் வயல்களில் பெரும்பகுதியைக் கைக்கொண்டது. ஸாண்டர்ஸ், கதிர்களின் குணத்தை அறிவதற்கு ஒவ்வொன்றிலும் சில மணிகளை எடுத்து வாயிலிட்டு மென்று பார்ப்பாராம். மாவுச்சத்து உமிழ்நீரில் கரைந்துபோக, எஞ்சும் பசையின் உறுதியே பரீட்சை. இதனை எந்தக் குடியானவரும் தம் களத்தில் செலவின்றிச் செய்து பார்க்கலாம். மெல்ல மெல்ல ரப்பர்போல் திரண்டால் வன்கோதுமை. வாயில் கரைந்து நொய்யாகப் போய்விட்டால் மென்கோதுமை.

ரொட்டிக்கு ஆகாத இம்மென்கோதுமையே ஸ்கோனுக்கு உகந்தது. ஸ்கோன் வாயிலிட்டவுடன் உதிர வேண்டும், இழுபடக் கூடாது. வலிய மாவில் செய்தால் அது தோல்போலாகிவிடும். ஆகவே கோதுமையை நல்லது, கெட்டது என்று ஒரே வரிசையில் நிறுத்துவது தவறு. ரொட்டிக்கு ஒன்று, பிஸ்கோத்துக்கும் ஸ்கோனுக்கும் மற்றொன்று. விலை கூறுபவர் ரொட்டிக் கடைக்காரராயிருந்தமையால்தான் மென்கோதுமைக்குத் தாழ்ந்த பெயர் ஏற்பட்டது. 1961-ல் சார்லிவுட் என்னுமிடத்து ஆராய்ச்சி நிலையத்தார் மாவை மிக வேகமாகக் கடைந்து பிசையும் முறையைக் கண்டபின்பே, பிரிட்டிஷ் கோதுமை ரொட்டிக்கும் மிகுதியாகச் செல்லலாயிற்று.

சோடா உப்பு செய்யும் வேலை

மோரும் மெல்லிய மாவும் இருந்தும் பழைய ஸ்கோன் உப்பவில்லை என்று கூறினோம். அதனை மாற்றியது நாம் ஆப்ப சோடா என வழங்கும் சமையல் சோடா உப்பு. 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியவுடன், அயர்லாந்தின் குடிசைகளிலும் ஸ்காட்லாந்தின் பண்ணைகளிலும் பரவிற்று. 1843-ல் பர்மிங்ஹாம் நகரத்து ஆல்ஃப்ரட் பேர்ட் என்னும் ரசாயனி, ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காகச் சோடா உப்புடன் புளிப்புப் பொருளையும் சேர்த்து பேக்கிங் பவுடரைத் தயாரித்தார். 1845-ல் பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ஜோன்ஸ், அவற்றை மாவிலேயே கலந்து ‘தானே உப்பும் மாவு’ என்று விற்பதற்கு உரிமை பெற்றார்.

இதன் தத்துவம் எளியது. புளித்த மோரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. அது சோடா உப்பைத் தொட்டவுடன் கரியமில வாயு கிளம்பும். அவ்வாயு மாவினுள் சிறு சிறு குமிழிகளாய் நின்று, உஷ்ணத்தால் விரிந்து, மாவு வெந்து இறுகும்போது அப்படியே நிலைத்துவிடுகிறது. நமது இட்டலி மாவில் நுண்ணுயிர்கள் ஓர் இரவெல்லாம் செய்யும் வேலையை இது சில நிமிஷங்களில் செய்கிறது. ஆனால் இட்டலி மாவு காத்திருக்கும், இது காத்திராது. மோரை ஊற்றிவிட்டு அடுப்பு மூட்டச் சென்றால், வாயுவெல்லாம் வெளியேறிவிடும்.

அளவிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். தடித்த புளித்த மோர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 7 முதல் 9 கிராம் வரை லாக்டிக் அமிலம் உண்டு. அமிலம் ஏறக்குறையத் தன் எடைக்குச் சமமான சோடா உப்பையே மாற்றவல்லது. ஆகவே 240 மில்லிலிட்டர் கொண்ட ஒரு கிண்ணம் மோருக்குத் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி சோடா உப்பே உச்ச அளவாகும். ‘இன்னும் சிறிது போட்டால் இன்னும் உப்பும்’ என்றெண்ணி அதிகமாகச் சேர்ப்பின், புளிப்பைச் சந்திக்காத உப்பு சூட்டினால் சலவைச் சோடாவாக மாறி, சவர்க்காரச் சுவையைத் தரும். மாவும் மஞ்சளித்துப் போகும். வெள்ளை ஸ்கோனில் பழுப்புப் புள்ளிகள் காணப்படின், உப்பு கட்டியாக இருந்தது, சலிக்கவில்லை என்று அறியலாம். சலவைக்கு உபயோகிக்கும் சோடாவை இதற்குப் பதிலாக ஒருபோதும் சேர்க்கலாகாது; அது வேறு பொருள், வாயையும் வயிற்றையும் புண்படுத்துவது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் மோர் என்று வழங்குவது தயிரில் நீர் பெருக்கிக் கடைந்தது. அதில் புளிப்பும் சத்தும் அளவில் குறைந்துவிடுகின்றன. இச்செய்முறைக்கு நீர்மோர் உதவாது. தயிரைச் சிறிதளவே நீர்விட்டுக் கடைந்து, வெண்ணெய் எடுத்தபின் எஞ்சும் தடித்த மோரையே கொள்ள வேண்டும். அல்லது மூன்று பங்கு புளித்த தயிரில் ஒரு பங்கு நீர் கலந்து உபயோகிக்கலாம்.

செய்முறை

எட்டு ஸ்கோன்களுக்கு வேண்டிய சாமான்கள்: மைதா மாவு 225 கிராம், அதாவது பழைய நிறையில் அரை ராத்தல், வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 30 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சோடா உப்பு கால் தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை, தடித்த மோர் சுமார் 140 மில்லிலிட்டர். விரும்பினால் உலர்ந்த திராட்சை ஒரு கைப்பிடி. மோரின் புளிப்பு கால் தேக்கரண்டி சோடாவுக்கே போதுமாதலால், மேலும் உப்புவதற்கு பேக்கிங் பவுடர் சேர்க்கப்படுகிறது. முட்டை சேர்ப்பாரும் உளர், அது இன்றியமையாததன்று. சைவ உணவினர் தயக்கமின்றிச் செய்யலாம். முழுக் கோதுமையை அரைத்த மாவில் செய்வதாயின், அதில் பாதியும் மைதா பாதியுமாகக் கொள்ளுதல் நலம். தவிடுள்ள மாவு நீரை அதிகம் உறிஞ்சுமாதலால் மோரை இரண்டொரு கரண்டி கூட்ட வேண்டும். ரொட்டியும் சற்றுக் கனமாகவே வரும்.

மாவு, உப்பு, சோடா, பவுடர் ஆகியவற்றை இருமுறை சலித்துக்கொள்க. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக இட்டு, விரல் நுனிகளால் மாவுடன் தேய்த்து, ரவைபோல் ஆக்குக. உள்ளங்கை பட்டால் சூட்டினால் வெண்ணெய் உருகிவிடும். உருகிய வெண்ணெய் மாவைக் களியாக்கும். உருகாத வெண்ணெயோ மாவுத் துகள்களின்மேல் மெல்லிய போர்வையாகப் படிந்து, பசை நீளாதபடி தடுக்கும். உதிரும் தன்மை இதனால் வருவதே. குளிர்நாட்டு அடுப்பங்கரையில் இது எளிது, நமக்கு எளிதன்று. வெண்ணெயைக் குளிர்ந்த நீரில் ஒரு நாழிகை மிதக்கவிட்டு, விடியற்காலையில் செய்வது உத்தமம். குளிர்ப்பெட்டி உள்ளவர் மாவையுமே அதில் வைத்தெடுக்கலாம்.

அடுப்பு தக்க சூடு அடைந்ததென்று உறுதிசெய்துகொண்ட பின்பே மோரை ஊற்றுக. சர்க்கரையைக் கலந்து, நடுவே பள்ளம் செய்து, மோர் முழுவதையும் ஒரே தடவையில் வார்த்து, கத்தியின் அலகால் கிளறி ஒன்றுசேர்க்க வேண்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை இங்கேதான் தவறு செய்யும். இழுத்து அழுத்திப் பிசைதல் முற்றிலும் கூடாது. சிறிது ஒட்டுந்தன்மையுடன், கரடுமுரடாக இருப்பதே சரியான பதம். மாவு தூவிய பலகையில் வைத்து, இரண்டு மூன்று முறை மடித்து, ஓர் அங்குல கனத்திற்குக் கையால் தட்டுக. வட்ட விளிம்புள்ள சிறு டம்ளரை மாவில் தோய்த்து நேராக அழுத்தி வெட்டி எடுக்க வேண்டும். வெட்டும்போது திருகினால் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, ஸ்கோன் ஒருபுறம் சாய்ந்து எழும்பும். மேற்புறத்தில் மட்டும் பால் தடவலாம். பக்கங்களில் வழிந்தால் அவ்விடம் பூட்டுப்போட்டாற்போல் எழும்பாது.

ஓவன் உள்ளவர் 220 டிகிரி சென்டிகிரேடு, அதாவது 425 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் 12 முதல் 15 நிமிஷம் வரை சுடுக. மந்தமான சூட்டில் சுடுவதைவிடச் சுடாமலிருப்பதே மேல். வெண்ணெய் வடிந்து, ரொட்டி பரந்து, உலர்ந்து போகும்.

ஓவன் இல்லாதவர்க்கு இரண்டு வழிகள் உண்டு. அயர்லாந்தில் பாஸ்டிபிள் என்னும் மூடியுள்ள கனத்த இரும்புப் பானையைத் தணலில் வைத்து, மூடியின்மேலும் தணலைப் பரப்பிச் சுட்டனர். நம் வீடுகளில் கேக்குச் செய்வோர் பாத்திரத்தின் அடியில் உலர்ந்த மணலைப் பரப்பி, மேல்மூடியில் நெருப்பிடுவதும் இம்முறையே. பாத்திரத்தை முன்னதாகவே நன்கு காயவைத்தல் அவசியம். 20 நிமிஷத்திற்கு மேலும் பிடிக்கலாம். மற்றொரு வழி தோசைக் கல். அதற்கு மாவை அரை அங்குல கனமாகவே தட்டி, வட்டத்தை நான்காக வெட்டி, எண்ணெயின்றி இளஞ்சூட்டில் ஒவ்வொரு புறமும் ஐந்தாறு நிமிஷம் வேகவைக்க வேண்டும். கல்லின்மேல் ஒரு சிட்டிகை மாவு தூவினால் அது மெல்லப் பழுப்பாக வேண்டும். உடனே கருகினால் சூடு மிகுதி. கல்லில் சுட்டது அவ்வளவு உயரமாக எழும்பாது. ஆயினும் பழைய ஸ்கோனுக்கு மிக நெருங்கியது அதுவே. சுவையில் அதனையே யாம் விரும்புகிறோம்.

கண்காட்சிகளும் யுத்தகாலமும்

மேல்நாட்டு விவசாயக் கண்காட்சிகளில் காளைகளுக்கும் தானியங்களுக்கும் பரிசளிப்பதுபோலவே ஸ்கோனுக்கும் பரிசளிக்கும் வழக்கமுண்டு. 1897-ல் கனடாவின் ஸ்டோனி கிரீக் என்னும் கிராமத்தில் தொடங்கி, 1915-ல் வேல்ஸ் நாட்டிற்கு வந்த கிராம மாதர் சங்கங்களும், 1922-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் ஏற்பட்ட நாட்டுப்புற மாதர் சங்கமும் இதனை ஊக்கி வளர்த்தன. நடுவர்கள் பார்ப்பது அலங்காரத்தையன்று. எல்லாம் ஒரே உயரமாக இருத்தல், பக்கங்கள் நேராக நிற்றல், நடுவில் இயல்பான பிளவு காணுதல், உட்புறம் வெண்மையாயும் சோடாப் புள்ளி இன்றியும் இருத்தல், கையால் பிரித்தால் தானே இரண்டாதல் ஆகியவையே. கிராமங்களில் கண்காட்சி நடத்தும் அதிகாரிகள், உணவுப் பொருள்களுக்குப் பரிசு வைக்கும்போது இவ்வாறு கண்ணுக்குத் தெரியும் குறிகளை முன்னதாகவே எழுதி ஒட்டிவிடின், பின்னர் மனஸ்தாபத்துக்கு இடமிராது.

இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது பிரிட்டனில் வெண்ணெயும் சர்க்கரையும் 1940 ஜனவரி 8 முதல் பங்கீட்டுக்கு உட்பட்டன. சில காலங்களில் ஒருவருக்கு வாரத்துக்கு வெண்ணெய் இரண்டு அவுன்ஸே கிடைத்தது. மேற்சொன்ன எட்டு ஸ்கோனுக்கு வேண்டிய வெண்ணெய் அவ்வளவே; அதாவது ஓர் ஆளின் ஒரு வாரப் பங்கு முழுவதும். 1942 முதல் ரொட்டிக்கு நூற்றுக்கு 85 பங்கு கோதுமையையும் சேர்த்தரைத்த மங்கலான மாவே கிடைத்தது. அந்நிலையிலும் குடும்ப ஸ்திரீகள் ஸ்கோனைக் கைவிடவில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து மாவில் சேர்த்தும், இனிப்புக்குக் காரட்டைத் துருவிப் போட்டும், திரிந்த பாலை வீணாக்காமலும் சுட்டு வந்தனர். சர்க்கரைப் பங்கீடு 1953-லும், வெண்ணெய்ப் பங்கீடு 1954-லும் நீங்கின.

ஸ்கோனை வெண்ணெயுடனும் பழப்பாகுடனும் உண்பர். இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன், கார்ன்வால் ஜில்லாக்களில் தடித்த பாலேட்டைச் சேர்ப்பது வழக்கம். பாலை அகன்ற தட்டுகளில் பல மணி நேரம் அசையாமல் வைத்து, பின் கொதிக்காதபடி மெல்லச் சூடேற்றி, ஆறவிட்டு, மேலே திரளும் கட்டியான ஏட்டை எடுப்பர். கார்ன்வால் ஏட்டில் நூற்றுக்கு 55 பங்குக்குக் குறையாமல் கொழுப்பு இருக்க வேண்டுமென விதியுண்டு. 1998-ல் அப்பெயருக்கு ஐரோப்பியப் பாதுகாப்பும் கிடைத்தது. ஏட்டை முதலில் தடவிப் பாகை மேலே வைப்பது டெவன் வழக்கு. பாகை முதலில் தடவுவது கார்ன்வால் வழக்கு. இரு ஜில்லாக்காரரும் இதனைச் சிறு விஷயமாகக் கருதுவதில்லை.

பறங்கிக்காய் பயிரிடுவோர்க்கு இறுதியாக ஒன்று கூறுவோம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பறங்கி ஸ்கோன் பிரசித்தமானது. 1981 முதல் 1993 வரை அந்நாட்டு ஸெனட் சபையில் அங்கத்தினராயிருந்த ஃப்ளோ பியெல்கே-பீட்டர்ஸன் அம்மையாரால் அது மேலும் பெயர் பெற்றது. அதற்கு மஞ்சளாய் முற்றிய காயை நீரில் வேகவைக்காது ஆவியில் அவித்து, மசித்து, முற்றும் ஆறவிட்டு, ஈரத்தை வடித்துக்கொள்ள வேண்டும். மேற்கண்ட அளவு மாவுக்கு அரைக் கிண்ணம் விழுது போதும். மோரைப் பாதியாகக் குறைத்து, பதம் பார்த்துச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மோர் குறைவதால் சோடா உப்பையும் பாதியாக்குக. சூடான விழுதைச் சேர்ப்பின் வெண்ணெய் உருகி மாவு இளகிவிடும். நிறம் பொன்போலிருக்கும். எந்த ஸ்கோனையும் சுட்ட அன்றே உண்பது நல்லது. துணியால் மூடி ஆறவிட்டால் மேல்தோல் மெத்தென்றிருக்கும். மறுநாளைக்கு மிஞ்சினால், இரண்டாகப் பிரித்து, வெட்டுப்புறம் கீழாகத் தோசைக் கல்லில் வாட்டி வெண்ணெய் தடவிக் கொள்ளலாம்.